கெபியில் நின்ற அம்மாவுக்கு ஒரு புடவை

இன்று சந்திக்கக் கிடைத்தவர் ஜோவிதா. பெங்களூர் லிங்கராஜபுரத்துக்காரர். காக்ஸ் டவுனில் எல்லோரும் கேசில் என்று சொல்லும் பழைய பங்களா இருக்கிறதே, அது மியூசியம் ஆனதிலிருந்து அங்கே பின்தோட்டக் காவல் அவருடையது. தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருப்பார்கள். ஜோவிதா அதில் உட்கார்ந்து யாரும் பார்த்திருக்க முடியாது. முட்டி வலியோடு வருகிற விசிட்டர்களுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பார். "தொடாதீங்க" என்பதை நாலு பாஷையில் சொல்லுவார். நாலிலும் கோபம் இருக்காது.

கேசில் என்றால் நிஜமான ராஜா கோட்டை இல்லை. காபித் தோட்டத்தில் சம்பாதித்த ஒரு வெள்ளைக்காரர் தன் ஊர்க் கோட்டையை நினைத்துக்கொண்டு கட்டிய வீடு. மூலைக்கு ஒரு வட்டக் கோபுரம், கூரை விளிம்பில் பல்லுப்பல்லாகச் சுவர், அவ்வளவு குளிரில்லாத ஊரில் அறைக்கு அறை கணப்படுப்பு. அவருக்குப் பிறகு பல கை மாறி, கொஞ்ச காலம் ஆபீசாக, கொஞ்ச காலம் பூட்டிய வீடாக இருந்து, ஒரு டிரஸ்ட் எடுத்துச் சரிசெய்தது. இப்போது குதிரை லாயம் காபி ஷாப். வண்டிக் கொட்டகையில் பழைய கேமராக்களும் ரேடியோக்களும். பெரிய வீட்டுக்குள் கட்டில், மேஜை, பீங்கான், வேட்டைப் படங்கள். இதையெல்லாம் பார்த்து முடித்து, கால் ஓய்ந்து, கடைசியாக வருகிற இடம்தான் பின்தோட்டம்.

அங்கேதான் பிரச்சினை நின்றுகொண்டிருந்தது.

தோட்டத்துக் கோடியில் கரடுமுரடான கல்லை அடுக்கி ஒரு குகை செய்து வைத்திருக்கிறார்கள். கல் இடுக்கில் பெரணிச் செடி. குகைக்குள் வெள்ளைப் பளிங்கில் ஒரு பெண். பத்து வயசுப் பிள்ளை உயரம்தான். தலையில் முக்காடு, குனிந்த முகம், இரண்டு கையாலும் மார்போடு அணைத்த ஒரு துணிப் பொதி. ஐதராபாத்திலிருந்து வந்தவர்கள் அதன் முன்னால் செல்ஃபி எடுப்பார்கள். ஐ.டி. பிள்ளைகள் ரீல்ஸ் எடுப்பார்கள். ஆனால் லிங்கராஜபுரத்திலோ காக்ஸ் டவுனிலோ பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்க் கத்தோலிக்கப் பெண்ணை அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள். யோசிக்கவே மாட்டார். கல் குகை, அதற்குள் முக்காடு போட்ட அம்மா, கையில் பிள்ளை. கெபி! ஒவ்வொரு கோயில் வளாகத்திலும் பார்த்துப் பழகிய மாதா கெபி. செருப்பு தானாகக் கழன்றுவிடும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஜோவிதாவுக்குக் கழன்றுவிட்டது. நெற்றியில், மார்பில், தோளில் சிலுவை போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து, வந்திருந்த ஒரு அம்மாவும் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் அந்த அம்மா தன் அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணி மல்லிகைச் சரம் கொண்டு வந்தார். மழைக்காலம் முடிவதற்குள் சனிக்கிழமை என்றால் மெழுகுவர்த்தி எரிய ஆரம்பித்துவிட்டது.

தோட்ட வேலை பார்க்கும் எல்லம்மா கத்தோலிக்கர் இல்லை. ஆனாலும் அவர் பங்குக்குக் காலையில் இலை கூட்டி முடித்ததும் சிலையின் பாதத்தில் குங்குமம் வைத்துவிட்டுப் போவார்.

"உங்க மாதாவுக்கு நெத்தியில வெக்கக் கூடாதுன்னு தான் கால்ல வெக்கறேன். மரியாதி தெரிஞ்சவ நானு" என்பார்.

இங்கே லாயிடைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜோவிதாவின் கணவர். சொந்தமாகக் கூட்ஸ் ஆட்டோ ஓட்டுகிறார். பானஸ்வாடியிலிருந்து சிவாஜி நகர் வரை எந்தச் சந்தில் எந்த நேரத்தில் நுழையலாம் என்று அவருக்குத் தெரியும். நல்ல மனிதர், சாயங்காலம் வரைக்கும். அதற்கப்புறம் குடி. மகள் குளோரியா முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் கேக் மேஜையின் மேலேயே விழுந்தவர். அப்போது எடுத்த போட்டோவை ஜோவிதா ஆல்பத்தில் ஒட்டவில்லை, கிழிக்கவும் இல்லை.

ஒவ்வொரு வருஷமும் சாம்பல் புதனன்று லாயிட் குடியை நிறுத்திவிடுவார். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் முழுக்க ஒரு சொட்டு கிடையாது. லிங்கராஜபுரத்தில் அப்படி நிறுத்துகிற ஆண்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். சாமியாரே பிரசங்கத்தில் மெச்சிப் பேசுவார். பிறகு பாஸ்கா இரவுப் பூசை முடியும். ஈஸ்டர் மதியம் பிரியாணிக்கு முன்னால் பாட்டில் திறக்கும். நாற்பது நாள் பாக்கியையும் சேர்த்துக் குடித்துத் தீர்ப்பார்கள்.

அதனால் ஜோவிதா கேட்டது தவக்காலத்துக்காக இல்லை. மழை கொட்டிய ஒரு மதியம், தோட்டத்தில் ஈ காக்கை இல்லாதபோது, குகைக்குள் ஒண்டி நின்றுகொண்டு பளிங்குக் காலைத் தொட்டுச் சொன்னார்: "மாதாவே, நாப்பது நாளு இந்த ஆளு எப்பவும் இருக்கறதுதான். அத நீ கணக்குல எடுத்துக்காத. ஈஸ்டர் தாண்டியும் தொடாம இருந்தா உனக்கு நான் புடவை சாத்தறேன். உன் பிறந்த நாளுக்குள்ள."

மாதா பிறந்த நாள் செப்டம்பர் எட்டு.

ஈஸ்டர் வந்தது. லாயிட் பிரியாணி சாப்பிட்டார், ஃபேனுக்குக் கீழே படுத்துத் தூங்கினார், எழுந்து டீ கேட்டார். வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரமும் டீ. மே மாதமும் டீ. ஜோவிதா சிவாஜி நகரில் ஆகாச நீலத்தில் வெள்ளிக்கரை போட்ட ஒரு புடவை எடுத்து, பீரோவில் தன் துணிகளுக்கு அடியில் வைத்தார். லாயிடிடம் நேர்ச்சையைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் திருஷ்டி பட்டுவிடுமோ என்று பயம்.

ஆகஸ்டில்தான் தாரணி மேடம் குகைக்கு வந்தார். மியூசியத்தின் பொருள்களைக் கவனித்துக்கொள்ளும் பெண். ஊர் ஈரோடு, பெங்களூருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"ஜோவிதாக்கா, இது என்ன? குங்குமம் மார்பிளுக்குள்ள ஊறிடுச்சு. மெழுகு ஒரு இஞ்ச்சுக்கு நிக்குது. மேல எல்லாம் புகை. யாருக்கா இங்க ஏத்தறது?"

"வர்றவங்க மேடம்."

"நீங்க இங்க எதுக்கு இருக்கீங்க?"

ஜோவிதா குனிந்து காய்ந்த பூக்களைப் பொறுக்கினார்.

"இவங்கள மாதான்னு நெனச்சுதானே எல்லாம் பண்றாங்க? இது மாதா இல்லக்கா. கையில இருக்கறது கொழந்தையும் இல்ல. நல்லாப் பாருங்க."

டார்ச் வெளிச்சத்தை மேடம் அந்தப் பொதியின் மேல் அடித்தார். துணிக்கு மேலே தெரிந்தது தலை இல்லை. நுனி உடைந்துபோன கதிர்கள். இடுப்புப் பக்கம் காய்ந்த மாலையை விலக்கினால் வளைவாக ஒன்று. அரிவாள்.

"வெள்ளைக்காரங்க ஊர்ல அறுவடைக்குன்னு இப்படி ஒரு பொம்பளைய சிலை செய்வாங்க. தோட்டத்துல அழகுக்கு வைக்கறது. குகையும் அப்படித்தான். சாமிக்குக் கட்டினது இல்ல." தாரணி எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "இனிமே இங்க ஒரு பூவு பாத்தேன்னா நான் உங்க செக்யூரிட்டி ஏஜென்சிக்கு எழுத வேண்டியிருக்கும். உங்கள மாத்திடுவாங்க. எனக்கு அதுல இஷ்டமில்ல. நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க."

அன்றைக்கு மீதி நேரம் ஜோவிதா குகையைப் பார்க்காமல் திரும்பி நின்றார். மாதா இல்லையென்றால் நேர்ச்சை யாரிடம் சொன்னது? கேட்டது யார்? கொடுத்தது யார்? கோயில் கெபிக்குப் புடவையைக் கொடுத்துவிடலாம், சாமியார் வேண்டாமென்று சொல்ல மாட்டார். ஆனால் வாக்குக் கொடுத்தது அந்தக் கெபிக்கு இல்லையே. இந்தக் காலைத் தொட்டுத்தானே. கொடுக்காமல் விட்டு, லாயிட் ஒரு சாயங்காலம் அந்தப் பழைய நடையோடு படியேறினால்? சாத்தினால் வேலை போகும். சாத்தாவிட்டால் வீடு போகும். அவருக்கு அது அவ்வளவு நேராகத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை முதல் ஆளாக ஐரின் டீச்சர் வந்தார். காக்ஸ் டவுன்காரர், ரிடையர்டு ஹிஸ்டரி டீச்சர், கையில் பூக்கூடை.

"டீச்சர், இனிமே பூ வேணாம். அது மாதா இல்லயாம்."

"யாரு சொன்னா?"

"மேடம் சொன்னாங்க. அறுவடை சிலையாம். கையில கொழந்த இல்ல டீச்சர், கதிர்க்கட்டு."

ஐரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இருக்கட்டுமே. எட்டாந்தேதி மாதா பொறந்த நாளுக்கு மங்களூர்க்காரங்க என்ன வெச்சு பூசை பண்றாங்க? புதுக் கதிருதானே? மாதா கையில கதிர் இருந்தா உனக்கு என்ன நஷ்டம்?"

"இடுப்புல அரிவாளு வேற இருக்கு டீச்சர்."

"பின்ன கதிர எதால அறுப்பாங்க, பல்லாலயா?"

எல்லம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "ஹௌதா, அப்படியா! நம்ம ஊரு அம்மனுங்க கையில இல்லாத அரிவாளா? இப்பத்தான் எனக்கு நம்பிக்கையே வருது."

"நீ சும்மா இரு எல்லம்மா. என் வேலைக்கு உல வெச்சதே உன் குங்குமந்தான்."

"ஓகோ! மொதல்ல செருப்பக் கழட்டினது யாரு? நானா?"

ஐரின் டீச்சர் பூக்கூடையைக் கீழே வைக்காமல், எடுத்துக்கொண்டும் போகாமல் நின்றார். கடைசியில், "உன் பொழப்புல நான் மண்ணு போடல" என்று சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார். ஜெபமாலையை மியூசியம் தடுக்க முடியாது. அதற்குக் கறை கிடையாது.

அப்படி ஒவ்வொருவரிடமும் சொன்னார். சிலர் சண்டை போட்டார்கள். சிலர் பாவம் என்று அவரைப் பார்த்தார்கள். இருந்தாலும் பூ நின்றது. ஒரே ஒருவருடைய பாக்கிதான் நின்றுகொண்டிருந்தது. ஆகாச நீலப் புடவை பீரோவிலிருந்து கைப்பைக்கு மாறியது. தினமும் வந்தது, தினமும் போனது.

செப்டம்பர் முதல் வாரத்தில் தாரணி சொன்னார், சிலையை உள்ளே கொண்டுபோகப் போகிறோம் என்று. சுத்தம் செய்து, பெரிய வீட்டுக் கூடத்தில் கண்ணாடிக்குள் வைக்க ஏற்பாடு. கண்ணாடிக்குள் போய்விட்டால் ஒரு நூல்கூடச் சாத்த முடியாது. நாள் குறித்தது திங்கட்கிழமை. மியூசியம் மூடியிருக்கும். எட்டாம் தேதிக்கு முந்தின திங்கட்கிழமை.

அன்றைக்கு ஆள்கள் வந்தார்கள், கயிறு வந்தது, பலகை வந்தது. அவர்கள் கொண்டுவந்த வேன் தோட்டத்துக் கேட்டில் நுழையவில்லை. கேட் தூண் பழசு, இடிக்க முடியாது.

"கூட்ஸ் ஆட்டோன்னா நொழையும் மேடம்" என்றார் ஜோவிதா. "எங்க வீட்டுக்காரர் வெச்சிருக்கார்."

"மெதுவா ஓட்டுவாரா?"

"இப்ப ஓட்டுவாரு."

லாயிட் பானஸ்வாடியில் ஒரு லோடு இறக்கிக்கொண்டிருந்தார். வந்துவிடுகிறேன் என்றார். இதற்குள் ஆள்கள் சிலையில் சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டப் பார்த்தார்கள். தாரணி பதறிப்போய்த் தடுத்தார். சாக்கு பளிங்கைக் கீறும். கொண்டுவந்த ஸ்பாஞ்ச் பீடத்துக்கே சரியாகிவிட்டது.

"மெல்லிசா, நீளமா ஏதாவது துணி வேணும். இருக்கா பாருங்க யாராவது."

ஜோவிதா கைப்பையைத் திறந்தார். நீலம் வெளியே வந்தது. வெள்ளிக்கரை வெயிலில் மின்னியது.

தாரணி வாங்கிப் பார்த்தார். "புதுசா இருக்கேக்கா. சாயம் ஏறிடுமே மார்பிள்ல."

"ஏறாது மேடம். நாலு தடவ அலசிட்டேன். கடைசித் தண்ணி தெளிவா வந்துச்சு."

தாரணி புடவையின் மடிப்பைப் பார்த்தார், பிறகு ஜோவிதாவைப் பார்த்தார். "ஒரு நாள்கூடக் கட்டாத புடவைய எதுக்குக்கா நாலு தடவ அலசினீங்க?"

ஜோவிதா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். எல்லம்மாகூட வாயைத் திறக்கவில்லை. எல்லம்மா வாயைத் திறக்காத நேரம் அந்தத் தோட்டத்தில் அதிகம் கிடையாது!

தாரணி ஆபீசுக்குப் போய் ஒரு வெள்ளைக் காட்டன் துணியைக் கொண்டு வந்தார். "இத உள்ள சுத்திட்டு அதுக்கு மேல கட்டுங்க. கயிறுக்காகத்தானே?"

"கயிறுக்காகத்தான் மேடம்."

சுற்றினால் போதும். சுற்றுவதற்குத்தான் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் கைகளுக்குச் சும்மா சுற்றத் தெரியவில்லை. இடுப்பில் ஒரு முறை கொண்டுவந்து, விரலால் கொசுவம் பிடித்து, அரிவாள் இருந்த இடத்தில் செருகி, மேலே கொண்டுபோய்க் கதிர்க்கட்டை மூடி, முந்தானையை முக்காட்டின் மேல் இன்னொரு முக்காடாகப் போட்டு, கரையை முகத்தோரம் இழுத்துச் சரிசெய்தார். ஆள்களில் ஒருவன், "என்னக்கா, பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றான். கூட இருந்தவர்கள் சிரிக்கவில்லை, அவனும் நிறுத்திக்கொண்டான். ஜோவிதா ஒரே ஒரு நொடி பாதத்தைத் தொட்டார். "கயிறு போடுங்க" என்றார்.

அப்போதுதான் லாயிட் ஆட்டோவைப் பின்னால் எடுத்துக்கொண்டு வந்தார். பலகையில் இழுத்து, நாலு பேர் தாங்கி, சிலையை ஏற்றினார்கள். குகையிலிருந்து பெரிய வீடு வரைக்கும் சரளைப் பாதை. மனிதர் நடப்பதைவிட மெதுவாகத்தான் லாயிட் ஓட்டினார். சிலை சாயாமல் பிடித்துக்கொண்டு ஜோவிதா பின்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு பள்ளம் வந்தபோது லாயிட் வண்டியை நிறுத்தி, இறங்கி, கல்லைப் போட்டு நிரப்பிவிட்டு மறுபடி ஏறினார். அவருடைய கை நடுங்கவில்லை. ஜோவிதா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறக்கி, அவிழ்த்து, காட்டன் துணியை தாரணி எடுத்துக்கொண்டார். புடவையில் கயிற்றுத் தடமும் பாசியும். தாரணி அதைத் தானே மடித்து ஜோவிதாவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

ஆட்டோவின் பக்கத்தில் நின்று லாயிட் கேட்டார்: "யாரு இவங்க? மாதாவா?"

"இல்லயாம்."

"பின்ன எதுக்குடி புதுப் புடவை?"

ஜோவிதா சொல்லிவிட்டார். மழை நாள், குகை, ஈஸ்டர், பிறந்த நாள், எல்லாம். சொல்லும்போது லாயிட் முகத்தைப் பார்க்கவில்லை, புடவைக் கரையிலிருந்த பாசியைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

லாயிட் ரொம்ப நேரம் ஆட்டோவின் பின்கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"அப்ப நான் நிறுத்தினது இந்தம்மாவாலயா?"

"தெரியல. நீங்க ஏன் நிறுத்தினீங்க?"

"எனக்கும் தெரியல. ஈஸ்டர் அன்னிக்கு வாங்கிட்டு வரலாம்னு செருப்பு மாட்டினேன். அப்புறம் கழட்டிட்டேன். அவ்ளோதான்."

"மாதா இல்லன்னு மேடம் சொல்றாங்க. அப்ப இந்தப் புடவை செல்லுமா செல்லாதா, எனக்கு அதான் பயமா இருக்கு."

லாயிட் உள்ளே கூடத்தைப் பார்த்தார். அங்கே தரையில், புடவை இல்லாமல், கதிர்க்கட்டோடும் அரிவாளோடும் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"கட்டியாச்சில்ல?"

"கட்டியாச்சு."

"டெலிவரி பண்ணவனே நானு. இனி ரிட்டர்ன் எடுக்க மாட்டேன்" என்றார். "ஏறு, வீட்டுக்குப் போலாம். குளோரியா வந்துருவா."

ஜோவிதா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கேட்டைத் தாண்டும்போதுதான் அழுதார். லாயிட் தூணில் இடிக்காமல் வண்டியை வெளியே எடுப்பதில் இருந்தார்.

அதற்குப் பிறகும் ஈஸ்டர் வந்து போனது. டீதான்.

அந்தப் பெண் இப்போது கூடத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறார். பாதத்தில் கொஞ்சம் சிவப்பு மட்டும் போகவில்லை. தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அறுவடைப் பெண் என்று எழுதியிருக்கிறது. தமிழ் வாசகத்தை ஜோவிதாவிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் தாரணி அச்சடித்தாராம். காக்ஸ் டவுன் பக்கம் போனால் டிக்கெட் வாங்கி ஒரு நடை உள்ளே போய்ப் பாருங்கள். திங்கட்கிழமை வேண்டாம், பூவும் வேண்டாம். கால் வலித்தால் பின்தோட்டத்து நாற்காலியைக் கேளுங்கள், ஜோவிதா கொடுப்பார். தவக்காலத்துக்கு மட்டும் நிறுத்துகிற யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இதை அவருக்கும் அனுப்பி வையுங்கள்.